மாப்பிள்ளை கேட்ட ஸ்பீக்கர்

நவம்பர் 25, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு முப்பது நாள். காலை ஜெபம் முடிந்ததும் யார் யாருக்கு என்ன எடுப்பது என்று எழுத உட்கார்ந்தேன். இவர்களுக்கு, என் வீட்டுக்காரருக்கு, வெள்ளைச் சட்டை ஒன்று. நாத்தனாருக்குக் கட்டில் விரிப்பு. போதகர் வீட்டு அம்மாவுக்குச் சேலை வேண்டாம், போன வருடம் கொடுத்ததையே அவர்கள் இன்னும் உடுத்திப் பார்க்கவில்லை, குக்கர் கொடுக்கலாம். பால்காரருக்கு வேட்டி. மகள் பெனிலாவுக்குச் சேலை, ரவிக்கை தைத்து. மாப்பிள்ளை கிளாட்சனுக்கு என்று எழுதிவிட்டு எதிரே ஒன்றும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இவர்கள் பதினோரு மணிச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவர்களுக்கு டிவியில் செய்தி பார்ப்பதுதான் வேலை. ஏழு மணிக்குப் பார்த்த அதே தீ விபத்தை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் புதிதாகப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு இரவு எட்டரை மணித் தொடர் ஒன்று போதும். அதையும் உபவாச நாளில் பார்ப்பதில்லை.

அந்த நேரம் நாகர்கோவிலிலிருந்து பெனிலா போன் செய்தாள். மாப்பிள்ளைக்கு இந்த வருடம் துணிமணி வேண்டாமாம். டிவியோடு சேர்த்து வைக்கிற பெரிய ஸ்பீக்கர் வேண்டுமாம். சுவரில் மாட்ட இரண்டு, தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி, எல்லாம் சேர்ந்தது.

அந்த டிவியும் நாங்கள் கொடுத்ததுதான். போன வருடம் தலைக் கிறிஸ்துமஸுக்குச் சீர் கொண்டுபோனபோது மோதிரம் போடலாம் என்று இவர்கள் சொன்னார்கள். நான்தான் டிவி என்று நின்றேன். மாப்பிள்ளை சாயங்காலமானால் சிநேகிதர்களோடு வெளியே போய்விடுகிறார், பிள்ளை தனியாக இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் பெரிய டிவி இருந்தால் மனுஷன் வீடு தங்குவார் என்று மூன்று நாள் ஜெபித்து எடுத்த முடிவு அது. கர்த்தர் கேட்டார். இப்போது ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறார்.

மாப்பிள்ளைக்கு எதிரே ஸ்பீக்கர் என்று எழுதினேன்.

நவம்பர் 28, வியாழன்

பெனிலா போனில் சொன்ன ரவிக்கை அளவு போன வருட அளவைவிட இரண்டு அங்குலம் குறைவு. தையல்கார ரோசம்மாள் நோட்டைப் புரட்டிக் காட்டி, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பிள்ளை தப்பாக அளந்திருப்பாள் என்றேன். பழைய அளவிலேயே தைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஆராதனை முடிந்து பெண்கள் ஐக்கியக் கூட்டம். குடும்ப சமாதானத்திற்காக ஜெபிக்க என்னை எழுப்பினார்கள். என் ஜெபம் நீளமாக இருக்கும், வார்த்தை தடுமாறாது என்று சபையில் பேர். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், வேதம் வாசித்து வாசித்துத்தான் இவ்வளவும் வந்தது. இன்று பாதியில் நிறுத்திவிட்டேன். தொண்டை சரியில்லை.

இரவு தொடரில் அந்தக் கதாநாயகியைப் புருஷன்காரன் அறைந்துவிட்டான். அவளைப் பெற்றவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பொறுத்துப் போ என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இவர்களுக்குத் தொடர் பிடிக்காது. சாப்பிட்டுக்கொண்டே எதேச்சையாகப் பார்த்துவிட்டு, "என்னளா பொம்பள இவ. பெத்த பிள்ளைய அடிக்கான், கதவுக்கிட்ட நின்னு பாத்துட்டுப் போறா" என்றார்கள்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். எழுந்து போய்விட்டேன்.

ஆகஸ்டில் பெனிலா இரண்டு நாள் வந்திருந்தபோது என்னிடம் சொன்னதை ஜெபத்தில் வைத்திருக்கிறேன். இவர்களிடம் சொல்லவில்லை. இவர்களுக்கு இரத்த அழுத்தம் உண்டு.

டிசம்பர் 3, செவ்வாய்

மழை. அச்சு முறுக்கு நூற்றிருபது. உடைந்தது எட்டு.

டிசம்பர் 7, சனி

பலகாரம் கொடுக்க நாகர்கோவில் போனேன். தனியாகத்தான். இவர்களுக்கு முட்டி வலி.

பெனிலா மெலிந்திருக்கிறாள். வெயில் என்றாள். டிசம்பரில் என்ன வெயில் என்று நான் கேட்கவில்லை. முகம் கழுவும்போதுகூட ஈரக் கையால் கழுத்தை மூடிக்கொண்டே பேசினாள். மாப்பிள்ளை மத்தியானம் வந்தார். அத்தை என்று எழுந்து நின்று, நாற்காலி போட்டு, வாங்கி வந்திருந்த நெத்திலியைப் பொரிக்கச் சொன்னார். அவர்கள் சபைப் பாடகர் குழுவில் முதல் வரிசை அவர். இருபத்திரண்டாம் தேதி இரவு கேரல் குழு அவர்கள் வீட்டுக்கு வருகிறதாம், நாற்பது பேருக்குக் காப்பி வேண்டும் என்றார். சாப்பிடும்போது டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. மரியாதை தெரிந்தவர். பெனிலாதான் சமையலறையில் வந்து, மறந்திராதீங்கம்மா என்றாள்.

மூன்றரைக்குக் கிளம்பினேன். அவர்கள் குடியிருப்பது மாடி. கீழே வீட்டுக்கார அம்மா லீலா துணி எடுத்துக்கொண்டிருந்தவர்கள், கேட் வரைக்கும் என்னோடு வந்தார்கள். டிவி சத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் தலையை அசைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்கள்.

"ஒண்ணும் நெனச்சிராதீங்க. சாயங்காலம் திடீர்னு சத்தத்தக் கூட்டுவாரு. வீடே அதிரும். எங்க வீட்டுக்காரர் போய்ச் சொன்ன அன்னைக்குத்தான் கொறைச்சாரு. கொறைச்ச அன்னைக்குத்தான் மத்தது எங்களுக்குக் கேட்டுது."

எது கேட்டது என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வள்ளியூர் தாண்டும் வரை கேட்டைத் திறந்தே போட்டுவிட்டு வந்தோமோ என்று அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று இவர்கள் கேட்டார்கள். நினைவில்லை.

டிசம்பர் 11, புதன்

கடைக்குப் போகும் நாள் என்று இவர்களே ஆட்டோ பிடித்துவிட்டார்கள். விரிப்பு, சட்டை, குக்கர் மூன்றும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. குக்கரில் கைப்பிடி ஆடியது, வேறு மாற்றி வாங்கினேன். பிறகு டிவி கடை. ஒரு சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே நடனம்.

விற்கிறவர் முப்பது வயதுக்காரர், கழுத்தில் அடையாள அட்டை. எங்களை நாற்காலியில் உட்காரவைத்து, பேரனுக்கா என்றார். மாப்பிள்ளைக்கு என்று இவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். கறுப்புப் பெட்டி ஒன்றைக் காட்டினார். என் இடுப்பு உயரம். பாட்டைப் போட்டார். முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. ரிமோட்டை அமுக்க அமுக்கத் தரை வழியாக என் காலுக்குள் ஏறியது. இவர்கள் குழந்தை மாதிரி சிரித்தார்கள்.

அந்த மனிதர் எனக்கு எதிரே ஓரடி தூரத்தில் நின்று ஏதோ சொன்னார். வாய் திறக்கிறது, மூடுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. கத்துகிறார் என்று தெரிகிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"பாத்தீங்களாம்மா. கத்துனேன். பக்கத்துல இருக்க உங்களுக்கே கேக்கல. இதப் போட்டா வீட்டுக்குள்ள என்ன நடந்தாலும் வெளிய தெரியாது."

தண்ணீர் கேட்டேன். இவர்கள் விலை பேசி ஆயிரத்து நூறு குறைத்து, முன்பணம் கொடுக்கப் பையைத் திறந்துவிட்டார்கள். நான் பையை மூடினேன். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று மறுபடி சொன்னேன். கடைக்காரர் வேறு நிறமும் இருக்கிறது என்றார்.

ஆட்டோவில் இவர்கள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்கள். "மாப்ள வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான், சொர்ணம். நாம குடுக்கலன்னா அவ தலையிலதான் விடியும்."

இவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே சரியாகச் சொன்னார்கள்.

டிசம்பர் 14, சனி

சொல்லிவிட்டேன்.

இவர்கள் காலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னேன். கிளாட்சன் பெனிலாவை அடிக்கிறார். வெளியே கேட்காமல் இருக்க டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டு அடிக்கிறார். நான்கைந்து தடவை நடந்திருக்கிறது. இதற்கு மேலும் இருக்கலாம்.

இவர்கள் டிவியை நிறுத்தினார்கள். ரொம்ப நேரம் இருண்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து, "எப்பச் சொன்னா" என்று கேட்டார்கள்.

போன வாரம் பலகாரம் கொடுக்கப் போனபோது என்றேன்.

ஆகஸ்ட் என்று சொல்ல வாய் வரவில்லை. கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

உடனே கிளம்புவோம் என்று செருப்பைப் போட்டுவிட்டார்கள். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றேன். பத்து நாள்தான். கேரல் வருகிறது, சீர் போக வேண்டும், இந்த நேரத்தில் பிள்ளையைக் கூட்டி வந்தால் இரண்டு சபையிலும் என்ன பேசுவார்கள் என்றேன். செருப்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். மத்தியானம் சாப்பிடவில்லை.

டிசம்பர் 17, செவ்வாய்

காலையில் முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தேன். பதினோரு மணிக்குப் பெனிலாவைக் கூப்பிட்டேன். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். ஸ்பீக்கர் வாங்கியாச்சா என்றுதான் முதலில் கேட்டாள். வாங்கவில்லை, வாங்கப் போவதும் இல்லை என்றேன்.

"வாங்கிருங்கம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். கீழ்வீட்டு அக்காவுக்குக் கேக்குன்னு தெரிஞ்சதுலருந்து எனக்குக் கீழ துணி காயப்போடப் போக முடியல. அவங்க மொகத்தப் பாக்க முடியல. சத்தம் கூடுனா எனக்கும் நல்லதுதான்."

சொல்லிவிட்டு, கேரலுக்கு நாற்பது பேருக்கு எவ்வளவு காப்பித்தூள் போட வேண்டும் என்று கேட்டாள். கால் கிலோ போதும் என்று கணக்குச் சொன்னேன். போனை வைத்தேன்.

பயறு கருகிவிட்டது.

அடி விழுவதைவிட அது அடுத்தவருக்குக் கேட்பதுதான் என் பிள்ளைக்குப் பயம். இதை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன்னால் இவர்கள் கையைப் பிடித்து நிறுத்தியபோது நானும் அதையேதான் சொன்னேன்.

இவர்களிடம் போய், காலையில் முதல் பஸ்ஸுக்குப் போவோம் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கைத்தடியைத் தேடி எடுத்து வாசலில் வைத்தார்கள்.

டிசம்பர் 18, புதன்

ஒன்பதரைக்கு அங்கே இருந்தோம். மாப்பிள்ளை கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பெனிலா ஸ்டார் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து இறங்கி, சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். இவர்கள் அதைப் பார்த்தார்கள். வெளி வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

வா போவோம் என்றேன். வரவில்லை என்றாள். கேரலுக்கு நாற்பது பேர் வருவார்கள், வீடு பூட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவு அவமானம் என்றாள். காப்பித்தூள் வாங்கிவிட்டேன் என்றாள். பிறகு சமையலறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய், அப்பாவுக்குக் கேட்காதபடி சொன்னாள்.

"ஆகஸ்ட்ல நான் போமாட்டேன்னு ஒங்க கையப் பிடிச்சு அழுதேன். நீங்கதான் பஸ் ஏத்தி விட்டீங்க. ஜெபம் பண்ணு, பிள்ளை பொறந்தா சரியாயிரும்னீங்க. இப்ப மட்டும் என்ன?"

அலமாரிக்கு மேலே இருந்த பெட்டியை இறக்கி, அவள் துணிகளை எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சேலையை மடிக்கும்போது அவள் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே லீலா அம்மா கேட்டை முன்னாலேயே திறந்து வைத்திருந்தார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

மாப்பிள்ளை பதினான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார். எடுக்கவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ். ஐந்து மணி ஆராதனைக்கு மூன்று பேரும் போனோம். மாப்பிள்ளை வரலியா என்று ஏழு பேர் கேட்டார்கள். வேலை என்றேன் ஏழு பேரிடமும். பெனிலாவுக்கு ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. ரோசம்மாள் பின் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மட்டன் குழம்பு நன்றாக வந்திருந்தது. மூன்று பேருமே அதிகம் சாப்பிடவில்லை. நாளை மாப்பிள்ளை வீட்டார் பேச வருகிறார்கள் என்று போதகர் சொல்லிவிட்டார்.

டிசம்பர் 26, வியாழன்

கிளாட்சன், அவருடைய அப்பா, அவர்கள் சபையின் மூப்பர் ஒருவர், எங்கள் போதகர். கேக் வைத்தேன். யாரும் தொடவில்லை.

கிளாட்சன் மெதுவாகப் பேசினார். பெனிலா நல்ல பிள்ளை, ஆனால் பகல் முழுக்க வீட்டில் தனியாகத் தொடர் பார்த்துப் பார்த்து அதில் வருகிறதெல்லாம் தனக்கு நடந்ததாக நினைத்துக்கொள்கிறாள் என்றார். ஒருமுறை கோபத்தில் கையை ஓங்கியது உண்மைதான், அதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். கண்ணும் கலங்கியது. அவருடைய அப்பா, ஒரு ஸ்பீக்கர் விஷயத்தில் இரண்டு வீட்டுக்கும் மனஸ்தாபம், அதை யாரும் பெரிதுபடுத்த வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பிள்ளையை அனுப்புங்கள் என்றார். பெருந்தன்மையாகத்தான் இருந்தது கேட்க. எங்கள் போதகர்கூடத் தலையசைத்துவிட்டார்.

மூப்பர் வயதானவர். பெனிலாவைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இவன் ஒன்னிய அடிக்கான் அடிக்கான்னு சொல்லுதியே, இந்த ஒரு வருஷத்துல யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா? ஒன்னப் பெத்தவங்களுக்கே இந்த மாசந்தான தெரியும்னு ஒங்க அப்பா சொல்லுதாரு. அப்படி ஒரு கஷ்டம்னா ஒரு பிள்ளை அம்மாட்டகூடச் சொல்லாமலா இருக்கும்?"

பெனிலா தரையைப் பார்த்தாள். சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். அப்பாவுக்கு முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மூப்பர் காத்திருந்தார். கிளாட்சன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். இன்னும் ஒரு நிமிடம் போனால் பெட்டியைக் கட்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

எழுந்து நின்றேன். சபையில் ஜெபிக்க நிற்பதுபோல் நின்றுவிட்டேன். "சொன்னா" என்றேன்.

"ஆகஸ்ட் பதினேழாம் தேதி எங்கிட்டச் சொன்னா. முதுகக் காட்டுனா. வேட்டிக் கரை அகலத்துக்கு ஒரு தழும்பு. நான் எண்ணெய் தேச்சு விட்டேன். தேச்சு விட்டுட்டு, வெளிய சொல்லாதன்னு சொல்லி, மறுநாள் நானே பஸ் ஏத்தி விட்டேன். அவளுக்குத் தொடர் பாக்குற பழக்கம் கிடையாது, எனக்குத்தான் உண்டு. அவ வீட்டு ரிமோட்டு அவ கையில இருந்ததே இல்ல."

மூப்பர் கிளாட்சனைப் பார்த்தார். கிளாட்சன் அப்பாவைப் பார்த்தார். அவருடைய அப்பா ஏதோ ஆரம்பித்தார், மூப்பர் கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் போதகர் எழுந்து, பிள்ளை இங்கேயே இருக்கட்டும், மற்றதை அப்புறம் சட்டப்படி பேசுவோம் என்றார். கால் மணி நேரத்தில் போய்விட்டார்கள்.

நான் இவர்கள் பக்கம் திரும்பவில்லை. இவர்கள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

டிசம்பர் 27, வெள்ளி

இவர்கள் என்னோடு பேசவில்லை. காப்பியைப் பெனிலாவிடம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

டிசம்பர் 28, சனி

பேசவில்லை. டிவியும் போடவில்லை. பெனிலா பத்து மணி வரை தூங்கினாள். எழுந்து, நேற்றைய இட்லியில் ஐந்து சாப்பிட்டாள்.

டிசம்பர் 29, ஞாயிறு

வருடத்தின் கடைசி ஞாயிறு. எங்கள் சபையில் இன்று ஒவ்வொரு குடும்பமும் நன்றிக் காணிக்கை வைக்கும். கவரின் மேல் பேரும் காரணமும் எழுத வேண்டும். போதகர் ஒவ்வொன்றாக மைக்கில் வாசிப்பார். சுகம் கிடைத்ததற்காக, வேலை கிடைத்ததற்காக, பேரன் பிறந்ததற்காக. இருபத்தாறு வருடமாக நான் எழுதுவது ஒன்றுதான், குடும்ப சமாதானத்திற்காக.

அடுக்களை மேடையில் வைத்து எழுதினேன். ஆசீர்வாதம், ஞானசொர்ணம் என்று பேரை எழுதிவிட்டு, கீழே, மகள் பெனிலா அடிக்கிற வீட்டிலிருந்து உயிரோடு எங்களிடம் திரும்பி வந்ததற்காக, முதல் தடவை அவள் கேட்டபோது நான் கூட்டி வராததைக் கர்த்தர் மன்னிக்கும்படியாக என்று எழுதினேன். இடம் பற்றவில்லை. கடைசி வரி ஓரத்தில் வளைந்து போனது. பெனிலாவிடம் காட்டினேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, சரி என்றாள்.

மை காய வைத்திருந்தபோது இவர்கள் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார்கள். கவரைப் பார்த்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் வெகுநேரம் பார்த்தார்கள். வாசித்து முடிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"இத மைக்குல வாசிப்பாங்க, தெரியும்லா" என்றார்கள். மூன்று நாளில் என்னோடு பேசிய முதல் வார்த்தை.

தெரியும் என்றேன்.

கவரை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பிள்ளையையும் கிளம்பச் சொல்லு, நேரத்தோடு போனால்தான் முன் பெஞ்சில் இடம் கிடைக்கும் என்றார்கள்.